பாடகர் இறந்தபின் ஆல்பத்தை முடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃப்ரெடி மெர்க்குரி இறந்தது 1991 நவம்பர் 24. அவர் குரலோடு க்வீன் குழு வெளியிட்ட ‘மேட் இன் ஹெவன்’ வந்தது 1995 நவம்பரில். ஸ்டூடியோ, பணம், அனுபவம் எல்லாம் கையில் இருந்த குழுவுக்கே நான்கு வருடம் பிடித்தது. முதல் நினைவு நாளுக்குள் ஆல்பத்தைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று இறங்குகிற புதிய குழுக்கள் ஒரே பள்ளத்தில்தான் திரும்பத் திரும்ப விழுகின்றன. அசல் நாடாவில் கை வைக்காதே, மூன்று நகல் எடுத்து வை என்பதெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் செய்கிற தவறுகள் வேறு.

வேகத்தைச் சரிபார்க்காமல் தொடங்குவது

பாடகர் விட்டுப்போன டெமோ (வீட்டில் எடுத்த மாதிரிப் பதிவு) பதிவான வேகத்தில்தான் இப்போது ஓடுகிறதா? முதல் கேள்வி இதுதான். 48,000 ஹெர்ட்ஸில் பதிவான கோப்பு, 44,100 என்று வைத்திருக்கும் ப்ராஜெக்டுக்குள் மாற்றப்படாமல் நுழைந்தால் பாட்டு 8 சதவீதம் மெதுவாகும். சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் இறங்கும். “கடைசி நாட்களில் குரல் எவ்வளவு களைத்துப்போயிருக்கிறது பாருங்கள்” என்று கேட்பவர்கள் கண்கலங்குவார்கள். அது களைப்பே அல்ல, தப்பாகத் திறந்த கோப்பு.

கேசட் என்றால் இன்னும் கவனம் வேண்டும். வீட்டில் டெமோ எடுக்க வாங்கிய நான்கு டிராக் கேசட் ரெக்கார்டர், நான்கு டிராக்கையும் ஒரே திசையில் பதியும். சாதாரண டெக்கில் போட்டால் இரண்டு டிராக் நேராகவும், கேசட்டைத் திருப்பினால் மற்ற இரண்டு தலைகீழாகவும் ஓடும். பல மாடல்கள் இரட்டை வேகத்தில், விநாடிக்கு 9.5 செ.மீ. என்ற கணக்கில் பதியும். அவை சாதாரண டெக்கில் பாதி வேகத்தில் முனகும். டிபிஎக்ஸ் இரைச்சல் குறைப்போடு பதிந்ததை டிபிஎக்ஸ் இல்லாமல் ஓட்டினால் குரல் நசுங்கி, இரைச்சல் தூக்கலாகக் கேட்கும். டிஜிட்டலுக்கு மாற்றும் முன் நாடாவைப் படிக்கும் ஹெட்டின் சாய்வையும் சரிசெய்ய வேண்டும். இரண்டு பக்கத்தையும் மோனோவாக்கிக் கேட்டுக்கொண்டே திருகை மெல்லத் திருப்பினால், ‘ஸ’, ‘ச’ ஒலிகள் எங்கே மிகக் கூர்மையாகக் கேட்கின்றனவோ அதுதான் சரியான இடம்.

வேகத்தை அளக்க நல்ல கருவி அந்த நாடாவிலேயே இருக்கிறது: மின்சார ஹம், அதாவது மின்இணைப்பிலிருந்து பதிவில் ஏறும் ரீங்காரம். அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 50. அமெரிக்க வீட்டில் பதிவான நாடாவில் ஹம் 58.5 என்று தெரிந்தால் நாடா 2.5 சதவீதம் மெதுவாக ஓடுகிறது என்று பொருள். துல்லியமாக 60.0 காட்டினால் மட்டும் சந்தேகப்பட வேண்டும்; அது இப்போது நகல் எடுக்கும்போது உங்கள் கேபிளில் ஏறிய ஹம்மாக இருக்கலாம். வந்ததும் வராததுமாக ஹம்மைத் துடைத்துவிடுகிறவர்கள் இந்த அளவுகோலையே தொலைத்துவிடுகிறார்கள்.

குரலைக் க்ளிக்குக்கு ஏற்ப வெட்டுவது

எல்லாவற்றிலும் அதிக நஷ்டம் தருவது இந்தத் தவறுதான். இன்றைக்கும் ஆத்திரம் வருவது இதைப் பார்த்துத்தான். செருப்புக்காகக் காலை வெட்டுகிற வேலை.

நடப்பது இதுதான். பாடகர் தன் அறையில் கிடாரை வைத்துக்கொண்டு க்ளிக் (ஹெட்ஃபோனில் சீராகத் தட்டும் தாளக் கணக்கு) இல்லாமல் பாடியிருக்கிறார். முதல் சரணம் 92 டெம்போவில், அதாவது நிமிடத்துக்கு 92 அடியில், தொடங்குகிறது. கோரஸ் வரும்போது உற்சாகத்தில் 97. குழு என்ன செய்கிறது? சராசரியாக 94 என்று ஒரு க்ளிக் போடுகிறது. குரலை அறுபது, எழுபது துண்டாக நறுக்கி ஒவ்வொன்றையும் திரையில் தெரியும் கோட்டில் கொண்டுபோய் ஒட்டுகிறது. கோடு கண்ணுக்குத் தெரிவதால் காது செய்ய வேண்டிய முடிவைக் கண் எடுத்துவிடுகிறது.

94 டெம்போவில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் சுமார் 640 மில்லி விநாடி. வரியின் முதல் சொல்லைப் பாடகர் 70 மில்லி விநாடி தாமதித்து எடுக்கிறார் என்று வையுங்கள். அது பிழையல்ல, அந்தத் தாமதம்தான் அவர். பத்து வருடமாக ரசிகர்கள் கேட்டுப் பழகிய ஆளை அந்த 70 மில்லி விநாடியை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள். அதைக் கோட்டில் ஒட்டியதும் வேறு யாரோ பாடுவதுபோல் ஆகிவிடுகிறது. கூடவே, சொல்லுக்கு முன் இழுத்த மூச்சு பாதியில் அறுபடும். இடைவெளியை நிரப்ப இழுத்து நீட்டிய உயிரொலி தகரம்போல அதிரும்.

நஷ்டம் உடனே தெரியாது. வெட்டிய குரலின் மேல் ட்ரம்ஸ் பதிவாகும், பிறகு பேஸ், கிடார். மூன்று வாரம் கழித்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கும் மிக்ஸில் குரலைத் தனியாகத் திறக்கும்போதுதான் ‘என்னமோ சரியில்லை’ என்று எல்லோருக்கும் உறைக்கும். அதற்குள் குரலைப் பழையபடி வைக்க வழியில்லை. வைத்தால் மற்ற எல்லாம் விலகி நிற்கும். ட்ரம்ஸிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். கையில் பணமில்லாத குழு அந்தச் செத்த குரலையே வெளியிட்டுவிடும்.

சரியான முறை தலைகீழ். கச்சேரியில் பாடகர் பின்னால் மிருதங்கம் போவதைப்போல, இசைதான் குரலைத் தொடர வேண்டும்.

முதலில் டெமோவை ஒரு துண்டும் நறுக்காமல் டைம்லைனில் போடுங்கள். தட்டிக்கொண்டே கேட்டு, ஒவ்வொரு இரண்டு பாருக்கும் (பார் என்றால் ஒரு தாளச் சுற்று) முதல் அடி எங்கே விழுகிறது என்று குறியுங்கள். ஒவ்வொரு அடியையும் குறிக்கக் கூடாது. குறித்தால் க்ளிக் நடுங்கும், ட்ரம்மரால் வாசிக்க முடியாது. குரலை வைத்துக் குறிக்காமல் கிடாரின் தட்டலை வைத்துக் குறியுங்கள். குரல் தாளத்துக்குப் பின்னே மிதப்பது, கிடார்தான் தாளம். இந்தக் குறிகளிலிருந்து மென்பொருள் டெம்போ மேப் ஒன்றை, எந்த இடத்தில் எந்த வேகம் என்ற வரைபடத்தை, போட்டுத் தரும். க்ளிக்கும் பாடகரோடு சேர்ந்து 92-லிருந்து 97-க்கு ஏறும். தொடக்கத்தில் இரண்டு பார் வெறும் எண்ணிக்கை சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டு நடுவே குரலே இல்லாத சோலோ பகுதியில், முன் அளவிலிருந்து பின் அளவுக்கு மெல்ல ஏறும்படி விட்டுவிடலாம்.

ட்ரம்மரின் ஹெட்ஃபோனில் குரலும் டெமோ கிடாரும் முன்னால் இருக்கட்டும், க்ளிக் பின்னால். வாசிக்கும் முன் அவர் அந்தப் பாட்டை டெமோவோடு சேர்ந்து நாலைந்து முறை வாய்விட்டுப் பாட வேண்டும். எங்கே பாடகர் இழுக்கிறார், எங்கே அவசரப்படுகிறார் என்று அவர் உடம்புக்குத் தெரிந்தபின் க்ளிக்கையே நிறுத்திவிடலாம்.

சுருதியிலும் இதே நியாயம்தான். டெமோ கிடார் 30 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் முப்பது பங்கு) ஏறி நின்றால் உங்கள் கிடார்களையும் அப்படியே ஏற்றுங்கள். வழக்கமான 440 ஹெர்ட்ஸுக்குப் பதில் ஏறக்குறைய 448 என்று ட்யூனரில் வைத்தால் போதும். கீபோர்டில் மாஸ்டர் ட்யூனிங் இருக்கிறது. உண்மையான பியானோ வேண்டுமென்றால் மட்டும் டெமோவை இறக்கலாம். அதுவும் வேகமும் சுருதியும் சேர்ந்து இறங்கும்படி, முழுப் பாட்டுக்கும் ஒரே தடவை. 1.7 சதவீதம் மெதுவாவது யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு சுரமாகத் திருத்தினால் தெரியும்.

வெட்டவே கூடாதா என்றால், வெட்டலாம். வேறொரு டேக்கிலிருந்து ஒரு வரியை எடுத்து வைக்கும்போது, மூச்சு தொடங்கும் இடத்துக்கு முன்னால் இருக்கும் மௌனத்தில் வெட்டி, அடுத்த மூச்சு வரை முழு வரியையும் ஒன்றாக நகர்த்துங்கள். ஒட்டும் இடத்தில் 10, 20 மில்லி விநாடிக் கலப்பு போதும். வரிக்கு உள்ளே கத்தி போகக் கூடாது.

தாளமே இல்லாத குரலையும் இசை தொடர்ந்திருக்கிறது. ஜிம் மாரிசன் 1971 ஜூலையில் பாரிஸில் இறந்தார். 1970 டிசம்பர் 8, தன் 27-வது பிறந்தநாளில் அவர் கவிதைகளை வாசித்துப் பதிவுசெய்திருந்தார். டோர்ஸ் குழுவின் மற்ற மூவர், மன்சாரெக், க்ரீகர், டென்ஸ்மோர், 1978-இல் ‘ஆன் அமெரிக்கன் ப்ரேயர்’ ஆல்பத்துக்காக இந்த வாசிப்புகளைச் சுற்றி இசையமைத்தார்கள். வெறும் பேச்சு அது.

இல்லாத வரியை இருப்பதாகக் காட்டுவது

‘மதர் லவ்’ பாட்டைக் கேளுங்கள். 1991 மே மாதம் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோவில் மெர்க்குரி பாடிய கடைசிக் குரல் அது. கடைசிச் சரணத்தை அவர் பாடவில்லை. க்வீன் கிடார் கலைஞர் பிரையன் மே தன் குரலிலேயே பாடினார். மெர்க்குரிபோல ஒலிக்க முயலவில்லை. ஒருவர் நின்ற இடமும் இன்னொருவர் எடுத்த இடமும் கேட்பவருக்குத் தெரிகிறது. அதனால்தான் அந்தச் சரணம் நெஞ்சை அடைக்கிறது.

விடுபட்ட இடத்தை நிரப்ப நேர்மையான வழிகள் மூன்று: குழுவில் ஒருவர் தன் குரலில் பாடுவது, கிடாரோ கீபோர்டோ அந்த மெட்டை எடுத்துக்கொள்வது, பாட்டைச் சுருக்குவது. கோரஸை நகலெடுத்து மூன்றாவது முறையும் ஒட்டினால் அதே மூச்சு, அதே பிசிறு திரும்ப வரும். கவனமாகக் கேட்பவர் கண்டுபிடித்துவிடுவார். வேறு வழியில்லை என்றால், இரண்டாவது கோரஸில் பாதியும் முதல் கோரஸில் பாதியும் எடுங்கள். இறந்தவரின் குரலைக் கணினியில் வார்த்து அவர் பாடாத வரியைப் பாடவைப்பதை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் நான் ஏற்கமாட்டேன்.

இரைச்சலை முழுக்கத் துடைப்பது

ஆண்குரலின் அடித்தளம் 100-லிருந்து 150 ஹெர்ட்ஸ் சுற்றளவில். 60 ஹெர்ட்ஸ் ஹம்மின் இரட்டிப்பு 120. அங்கே அகலமாக வெட்டினால் ஹம்மோடு நெஞ்சும் போய்விடும். ஒரு ஹெர்ட்ஸ், இரண்டு ஹெர்ட்ஸ் அகலத்துக்கு மேல் வெட்ட வேண்டாம்.

ஜான் லென்னனின் ‘நவ் அண்ட் தென்’ டெமோவை பீட்டில்ஸில் எஞ்சிய மூவர் 1995-இல் முயன்று கைவிட்டார்கள். நாடாவில் ஹம், குரல் பியானோவுக்கு அடியில் புதைந்திருந்தது. திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சன் குழுவின் மென்பொருள் குரலைப் பிரித்தெடுத்த பிறகுதான் 2023 நவம்பர் 2-இல் பாட்டு வெளிவந்தது. அதேபோன்ற வசதி இன்று யாருக்கும் கிடைக்கிறது. பிரித்த குரலில் மெய்யெழுத்துகள் தண்ணீருக்கடியில் பேசுவதுபோல நனைந்திருக்கும். புதிய பியானோவை டெமோவில் வாசித்த அதே இடங்களில் வாசித்தால் அந்தக் கறை மறையும். பிரிக்காத அசலையும் 15 டெசிபல் தணித்து அடியில் ஓடவிட்டால் குரலுக்குத் தரை கிடைக்கும்.

ரீவெர்பால் மூடுவது

ரீவெர்ப் என்ற எதிரொலியைப் பூசினாலும் குறைகள் மூடாது.

துக்கத்தோடு மிக்ஸ் செய்வது

குரல் இரண்டு, மூன்று டெசிபல் மேலே ஏறிவிடும். இறந்தவரை அறியாத ஒரு எஞ்சினியரிடம் கொடுங்கள்.

குடும்பத்தைக் கடைசியில் கேட்பது

க்ரான்பெரிஸ் குழுவின் பாடகி டோலரஸ் ஓ’ரியார்டன் 2018 ஜனவரி 15-இல் இறந்தார். க்ரான்பெரிஸ் குழு அவர் விட்டுச்சென்ற டெமோக்களைத் தொடும் முன் குடும்பத்தின் சம்மதத்தைப் பெற்றது. பழைய தயாரிப்பாளர் ஸ்டீஃபன் ஸ்ட்ரீட்டோடு முடித்த ‘இன் தி எண்ட்’ 2019 ஏப்ரலில் வந்தது. வரிசை அதுதான். வரிகளும் மெட்டும் யாருக்கு, குரல் பதிவு யாருக்கு என்று இரண்டு உரிமைகள் தனித்தனி. இரண்டிலும் வாரிசுக்கு உள்ள பங்குக்குக் கையெழுத்து வேண்டும். எந்தெந்த டெமோ, எத்தனை பாட்டு, முடிந்த மிக்ஸை வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ட்ரம்ஸ் பதிந்த பிறகு கேட்டால் அது சம்மதமாக இருக்காது, நெருக்கடியாகத்தான் இருக்கும்.

எண்ணிக்கைக்காகப் பாட்டு சேர்ப்பது

ஆறுதான் இருக்கிறதா, ஆறை வெளியிடுங்கள்.

புதுப் பாடகரைப் பழைய குரலோடு கலப்பது

ஏசி/டிசி குழுவின் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரி 19-இல் இறந்தார். ஏசி/டிசி பிரையன் ஜான்சனைச் சேர்த்து, அதே வருடம் ஜூலையில் ‘பேக் இன் பிளாக்’ வெளியிட்டது. அதில் ஸ்காட்டின் குரல் ஒரு இடத்திலும் இல்லை. துக்கம் கறுப்பு அட்டையில் இருந்தது. பாதி அவர், பாதி இவர் என்று கலந்தால் இருவருக்கும் அநியாயம்.

அசல் குரலைத் தனியாக வைக்காமல் முடிப்பது

வெளியீட்டுக்கான இறுதிப் பிரதியான மாஸ்டர் போனதும் எல்லோரும் கலைந்துவிடுகிறார்கள். அதற்குள் எந்த வேலையும் செய்யாத குரலை, முதல் விநாடியிலிருந்து நீளமாக, தனிக் கோப்பாக எடுத்துவைத்து, எந்த நாடா, எந்த வேகம், ட்யூனிங் எத்தனை, டெம்போ மேப் எது என்று கூடவே ஒரு தாளில் எழுதிவையுங்கள். ஒரு பிரதி குழுவுக்கு, ஒன்று குடும்பத்துக்கு. பாட்டு தொடங்கும் முன் அவர் தொண்டையைச் செருமுவதும், நாற்காலியை இழுப்பதும், “ஓடுதா?” என்று கேட்பதும் அந்தக் கோப்பில் அப்படியே இருக்கட்டும்.