அலமேலு: இந்தப் பெயரில் நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் அம்மாவோடு காத்திருந்தேன். “ஆலாமெலூ” என்று மூன்று முறை கூப்பிட்டார்கள். அம்மா அசையவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, மடியிலிருந்த ஸ்கேன் கவரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அடுத்த டோக்கன் உள்ளே போன பிறகுதான் எனக்கே உறைத்தது. கவுன்டரில் இருந்த பெண் கன்னடக்காரி. பெயரைச் சொன்னதும் கன்னட எழுத்தில் ஃபைல் மேல் எழுதிக்கொண்டாள். அதன்பிறகு ஒருமுறைகூடத் தவறவில்லை. தமிழைப் போலவே கன்னட எழுத்திலும் குறில், நெடில் கண்ணுக்குத் தெரியும். ஆங்கில எழுத்தில் தெரியாது.

நான்கு எழுத்தில் நெடில் ஒன்றே ஒன்று, ‘மே’. அங்கே மட்டும் இழுத்து, மற்ற மூன்றையும் குறிலாக விட்டால் பெயர் வந்துவிடும். நம்மவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. ‘அளமேலு’ என்பார்கள், சிலர் ‘அழமேலு’ என்றே எழுதுகிறார்கள். ழகரம் போட்டால் தமிழ்மணம் கூடும் என்ற எண்ணம் போலிருக்கிறது. இங்கே இரண்டு இடத்திலும் சாதாரண லகரம்தான். கடைசி ‘லு’வையும் விழுங்கக் கூடாது. உகரம் பாதியாகக் குறுகி ஒலிக்கும் குற்றியலுகரம் வல்லின எழுத்துக்குத்தான் வரும். லகரத்தின் மேல் ஏறிய உகரம் முழுசாக ஒலிக்க வேண்டும்.

பொருள் சொல்வதில்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். ‘அலை மேல்’ இருப்பவள், பாற்கடலில் பிறந்தவள் என்று ஒரு விளக்கம் சுற்றுகிறது. அது பிழை. இது அலர் மேல் மங்கை. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர் என்று பூவின் பருவங்களைச் சொல்வோமே, அந்த அலர். நன்றாக விரிந்த பூ. தாமரைமேல் வீற்றிருக்கும் திருமகள். “அகலகில்லேன் இறையும் என்று அலர்மேல் மங்கை உறை மார்பா” என்று நம்மாழ்வார் திருவேங்கடத்தானைப் பாடும்போது, நொடியும் பிரியமாட்டேன் என்று அவன் மார்பில் இருப்பவள் இவள்தான். திருப்பதிக்குப் பக்கத்தில் திருச்சானூர்த் தாயாரைப் பத்மாவதி என்றும் அலர்மேல் மங்கை என்றும் சொல்வது இதனால்தான். அகப்பாடல்களில் ‘அலர்’ என்றால் ஊரார் பேசும் பழிப்பேச்சு, ஆகவே பெயர் ஆகாது என்று ஒருவர் எங்கள் வீட்டிலேயே சொன்னார். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது புதிதா என்ன? பெயர் வைத்தவர்கள் மனதில் இருந்தது பூ.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் உடனே செய்யும் தவறு ஒன்று உண்டு. வயதான அலமேலுகளைப் பிடித்து “உங்க பேரு தப்பு பாட்டி, அலர்மேல்மங்கைதான் சரி” என்று திருத்துவது. எனக்கு மனசு கேட்காத இடம் இது. வேல் வேலு ஆனான், பால் பாலு ஆயிற்று. அப்படித்தான் அலர்மேல் வாயில் புழங்கி அலமேலு ஆயிற்று. மங்கை உதிர்ந்து, அவள் அமர்ந்த ‘பூவின் மேல்’ மட்டும் பெயராக நிற்கிறது. எனக்கு அது அழகாகவே படுகிறது. 15-ஆம் நூற்றாண்டில் அன்னமாச்சாரியார் தெலுங்குக் கீர்த்தனைகளில் ‘அலமேலுமங்க’ என்றே பாடிவிட்டார். ஐந்நூறு வருஷத்துக்கு மேல் வழங்கும் உருவத்தைப் பிழை என்று எப்படிச் சொல்வது?

“பாட்டி பேரு மாதிரி இருக்கு” என்று குழந்தை காதுபடச் சொல்வதையும் நிறுத்தலாம். பாட்டி பெயரை ஏற்றவள் என்பதால்தான் பெயர்த்தி, பேத்தி. மாமியார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று மருமகள்கள் குழந்தையைப் பாப்பா, அம்மாளு என்றே கூப்பிட்ட வீடுகள் எத்தனை! இன்று அந்தத் தயக்கம் போய்விட்டது. கூப்பிட நீளமென்றால் ‘அலமு’ இருக்கிறது.

கடைசியாக ஆங்கில எழுத்து. அலர்மேல்மங்கை என்று முழுசாக வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். முதல் ஐந்து எழுத்தும் ‘அலாரம்’ என்று படிக்கும். எழுதிப் பார்க்காவிட்டால், பள்ளிக்கூடத்தில் பிள்ளை படும் பாடு உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். அதைவிட மோசம், ஆவணத்துக்கு ஆவணம் ஒரு எழுத்து. அம்மாவுக்கு ஆதாரில் அலமேலு, பென்ஷன் புத்தகத்தில் அலமேலம்மாள், வங்கியில் அலமேலு மங்கை. அப்பா இறந்த பிறகு, மூவரும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்க நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரை 12 மாதம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அவசரம் வேண்டாம். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதி, வீட்டுக்கு வெளியே நான்கு பேரிடம் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ‘மே’ நெடிலாக வருகிறதா என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.