ஸ்டோன்ஸின் அவுட்டேக்குகளைக் கேட்பது எப்படி?

ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் அவுட்டேக்குகளை, அதாவது பதிவு செய்துவிட்டு வெளியிடாமல் ஒதுக்கிவைத்த பாட்டுகளைத் தேடிப் போகிறவர்கள் முதலில் செய்யும் தப்பை நானும் செய்தேன். கிடைத்ததையெல்லாம் இறக்கி ஒரே ஃபோல்டரில் கொட்டி, பஸ்ஸில் போகும்போது ஷஃபிளில் ஓட விட்டேன். ஒரே பாட்டு ஆறு தடவை, பாதியில் நின்றுபோகிற கிட்டார், பத்து நிமிஷத்துக்கு ஒரே தாளம். இரண்டே வாரத்தில் சலித்துவிட்டது. ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு கேட்கத் தொடங்கிய பிறகுதான் இதில் ருசி வந்தது: இப்போது காதில் விழுகிற சத்தம் எந்த வருஷம் டேப்பில் ஏறியது?

எதற்கு இந்தக் கேள்வி என்றால், 1981 ஆகஸ்டில் வந்த 'டாட்டூ யூ' ஆல்பத்தைப் பாருங்கள். சுற்றுப்பயணம் நெருங்குகிறது, கையில் புது ஆல்பம் இல்லை. அவர்களோடு வேலை பார்த்த ஒலிப்பதிவாளர் கிறிஸ் கிம்ஸி பழைய டேப்புகளை மாதக்கணக்கில் உட்கார்ந்து கேட்டு, மிச்சம் மீதியைப் பொறுக்கியெடுத்தார். 'வெயிட்டிங் ஆன் எ ஃப்ரெண்ட்' 1972 கடைசியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் தொடங்கிய பாட்டு, அதில் வரும் சானி ராலின்ஸின் சாக்ஸபோன் 1981-இல் மேலே ஏற்றியது. 'ஸ்லேவ்' 1975-இல் ராட்டர்டாமில் பிறந்தது. 'ஸ்டார்ட் மி அப்' 1978-இல் பாரிஸில் ரெகே தாளத்தில் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்து, ஒன்றிரண்டு தடவை மட்டும் ராக்காக வாசித்துவிட்டு ஓரம்கட்டிய பாட்டு. ரேடியோவில் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது, அழித்துவிடு என்று குழுவின் கிட்டாரிஸ்ட் கீத் ரிச்சர்ட்ஸ் சொன்னதாகவும், தான் அழிக்கவில்லை என்றும் கிம்ஸி பிற்பாடு சொன்னார். ஆக, அவர்களுடைய மிகப் பெரிய ஹிட்டுகளில் ஒன்றே ஒரு அவுட்டேக்தான். இந்த ஆல்பத்தை ஏற்கெனவே கேட்டிருந்தால் நீங்கள் பாதி வழி வந்துவிட்டீர்கள்.

சரி, காதை எப்படிப் பழக்குவது? ஆடியோவை விட்டுவிட்டு முதலில் ஒரு படம் பாருங்கள். 1968 ஜூனில் லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் 'சிம்பதி ஃபார் தி டெவில்' பாட்டு உருவாவதை பிரெஞ்சு இயக்குநர் கோதார் அப்படியே படம் பிடித்திருக்கிறார், பெயர் 'ஒன் ப்ளஸ் ஒன்'. நடுவில் வரும் அரசியல் காட்சிகள் எனக்கு ஒட்டவே இல்லை, தாராளமாக ஓட்டிவிடலாம், ஆனால் ஸ்டுடியோ காட்சிகளைத் தவறவிடாதீர்கள். மெதுவாக, கொஞ்சம் நாட்டுப்பாடல் சாயலில் ஆரம்பிப்பது மெல்ல மெல்ல சாம்பா தாளத்துக்கு வந்து சேருகிறது. பாஸ் கிட்டார் வாசிக்க வேண்டிய பில் வைமன் மராக்காஸ் என்ற கிலுகிலுப்பையைக் குலுக்குகிறார், பாஸ் கீத்தின் கைக்குப் போய்விட்டது. குழுவின் இன்னொரு கிட்டாரிஸ்ட் பிரையன் ஜோன்ஸ் ஒரு தடுப்புக்குள் தனியாக உட்கார்ந்து கிட்டார் வாசிக்கிறார், அது யார் காதிலும் விழுவதாகத் தெரியவில்லை. படப்பிடிப்பு நடந்த அதே நாட்களில்தான் ராபர்ட் கென்னடி கொல்லப்பட்டார், கென்னடியைக் கொன்றது யார் என்று பாட்டில் ஒருமையில் இருந்த வரி, கென்னடிகளைக் கொன்றது யார் என்று பன்மையானது. ஒத்திகை டேப்பில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை: யார் எதை வாசிக்கிறார்கள், தாளம் எங்கே மாறுகிறது, எந்தச் சொல் புதிதாக நுழைகிறது.

அப்புறம் அதிகாரபூர்வமாக வந்த பெட்டிகளுக்கு வாருங்கள். இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' 2010-இல் பத்து கூடுதல் பாட்டுகளோடு மறுபடி வந்தது. அதில் 'ப்ளண்டர்டு மை சோல்' கேட்டால் 1971-இல் தெற்கு பிரான்சில் அவர்கள் இந்த ஆல்பத்தைப் பதிவு செய்த பங்களாவின் நிலவறையில் நீங்களே நிற்பதுபோல இருக்கும், ஆனால் குரல் குழுவின் பாடகர் மிக் ஜாகருடையது, 66 வயதில் பாடியது. முன்னாள் கிட்டாரிஸ்ட் மிக் டெய்லரையும் திரும்பக் கூப்பிட்டு, அவர் விட்டுப்போய் 35 வருஷம் கழித்து, புதிதாகக் கிட்டார் வாசிக்க வைத்திருக்கிறார்கள். இது மோசடியா என்று கேட்டால், இல்லை, அவர்களே வெளிப்படையாகச் சொன்னதுதான். ஆனாலும் அவுட்டேக் என்று நம்பி வாங்கியவனுக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஹெட்போன் போட்டுக்கொண்டு குரலை மட்டும் பின்தொடருங்கள். பழைய குரல் பெரும்பாலும் வாத்தியங்களுக்கு நடுவே அமுங்கியிருக்கும், மைக்கில் டிரம் சத்தம் கசிந்திருக்கும், சில சொற்கள் வெறும் முனகலாக இருக்கும், ஏனென்றால் வரி அப்போது எழுதியே முடிந்திருக்காது. புதிய குரல் சுத்தமாக, முன்னால் வந்து, முழு வாக்கியமாகப் பாடும். வரி முழுசாக இருந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

2011-இன் 'சம் கேர்ள்ஸ்', 2020-இன் 'கோட்ஸ் ஹெட் சூப்' பெட்டிகளிலும் இதே கலப்பு உண்டு. 1975-இல் வந்த 'மெட்டமார்ஃபஸிஸ்' வேறு ரகம். அதில் பல பாட்டுகள் மற்றவர்களுக்குக் கொடுப்பதற்காக ஆரம்ப காலத்தில் பதிவு செய்த மாதிரிகள், ஜாகர் பாட, பின்னால் கூலிக்கு வந்த ஸ்டுடியோ கலைஞர்கள். அங்கே குரல் பழசுதான், பேண்ட்தான் இல்லை.

பூட்லெக், அதாவது அனுமதியில்லாமல் விற்கும் திருட்டுப் பதிவுகள் பற்றி. காசு கொடுத்து வாங்காதீர்கள், அதில் ஒரு பைசாகூட வாசித்தவர்களுக்குப் போகாது. ஆனால் 'கிளாடின்' மாதிரி ஒரு பாட்டு 2011 வரை திருட்டுப் பதிவுகளில் மட்டுமே சுற்றியது என்பதும் உண்மை. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பிரதிகளில் முதலில் பார்க்க வேண்டியது வேகம். நம்மூர் ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு பதிந்து வாங்கிய தலைமுறைக்கு இது புரியும், பிரதிக்குப் பிரதி இரைச்சல் கூடும், ஒவ்வொரு டெக்கும் ஒரு வேகத்தில் ஓடும். ஃபோனில் ஒரு கிட்டார் ட்யூனரோ சுருதிப் பெட்டி ஆப்போ போதும். வெளிவந்த வடிவத்தோடு ஒப்பிடும்போது பாட்டு இரண்டு ஸ்வரத்துக்கு நடுவே எங்கேயோ தொங்கினால் பெரும்பாலும் மெஷின் கோளாறு, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வேகத்தைச் சரிசெய்யலாம். சுருதியை மட்டும் மாற்றும் வசதியைத் தொடாதீர்கள், வேகமும் சுருதியும் சேர்ந்தே நகர வேண்டும். முழு ஸ்வரம் தள்ளியிருந்தால் அவசரப்படாதீர்கள், அவர்களே வேறு சுருதியில் முயன்று பார்த்திருக்கலாம். மாற்றும் முன் மூலத்தை அப்படியே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பூட்லெக் அட்டையில் இருக்கும் தேதியையும் தலைப்பையும் நம்பாதீர்கள், ஒரே பாட்டுக்கு மூன்று பெயர் இருக்கும்.

கடைசியாக ஒரு நோட்டு. கம்ப்யூட்டரில் அட்டவணை போட்டாலும் சரி. பாட்டுக்கு ஒரு வரி, வரிக்கு நாலு கட்டம்: தாளம், கிட்டார், குரல், மற்றவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வருஷம். முதல் நாள் பயிற்சிக்கு 'எக்ஸைல்' பெட்டியிலிருக்கும் 'குட் டைம் விமன்' எடுத்துக்கொண்டு, உடனே 'டம்ப்ளிங் டைஸ்' கேளுங்கள். முன்னது பின்னதன் பழைய வடிவம், வேகம் கூடுதல், வரிகள் வேறு. எதை விட்டுவிட்டார்கள் என்று எழுதுங்கள்.

அது பழகியதும் 'லிவிங் இன் தி ஹார்ட் ஆஃப் லவ்'. 70-களில் பதிந்து, பிற்பாடு குரலும் கிட்டாரும் சேர்த்து 2021 ஆகஸ்டில் வெளியிட்டார்கள். சில நாளில் டிரம்மர் சார்லி வாட்ஸ் இறந்துபோனார். என் நோட்டில் அந்தப் பாட்டுக்கு நேரே தாளத்துக்கான கட்டம் மட்டும் தயங்காமல் நிரப்பியது, குரலுக்கு இன்னும் கேள்விக்குறிதான்.