சுண்டெலிக் கருவில் ஒரு மரபணுவின் வேலையைக் கைபேசியிலேயே தேடிப் படிப்பது எப்படி

தக்கலையில் மாலை நேரத்தில் விலங்கியல் சொல்லிக் கொடுக்கிறேன். மார்த்தாண்டம், குலசேகரம் பக்கமிருந்து வருகிற பிள்ளைகள் புராஜெக்ட்டுக்குக் கருவளர்ச்சியை எடுக்கத் தயங்குகிறார்கள். சுண்டெலி வளர்க்கும் ஆய்வகம் இல்லாமல் என்ன செய்ய முடியும் என்பதுதான் அவர்கள் கேள்வி. நிறையச் செய்யலாம் மக்களே. மரபணுக்களை ஒவ்வொன்றாக முடக்கி, கருவுக்கு என்ன ஆனது என்று பார்த்த பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. அவற்றைப் படிக்க ஒரு முறை இருக்கிறது.

இரண்டு தளங்கள் போதும். அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகம் நடத்தும் எம்.ஜி.ஐ. ஒன்று, பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து நடத்தும் ஐ.எம்.பி.சி. இன்னொன்று. தேடல் பெட்டியில் மரபணுவின் பெயரைப் போட்டால் அந்தப் பக்கம் வந்துவிடும். முதல் தடவை 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்' எடுங்கள். அது இல்லாத கருவில் இரண்டு கண்கள் பிரிவதில்லை, கைகால்களின் நுனிப்பகுதி சரியாக உருவாவதில்லை. படத்தைப் பார்த்தாலே இந்த மரபணுவின் வேலை புரியும்.

அடுத்தது நாள் கணக்கு. சுண்டெலிகள் இரவில் இணை சேரும். மறுநாள் காலையில் பெண் எலியின் பிறப்புறுப்பில் வெளிறிய கெட்டியான அடைப்பு ஒன்று தெரியும், ஆண் எலியின் திரவம் உறைந்தது அது. சில மணி நேரத்தில் விழுந்துவிடும் என்பதால் ஆய்வகத்தில் காலையிலேயே பார்த்துவிடுவார்கள். அந்த நண்பகலை 0.5 நாள் என்று வைப்பது வழக்கம். ஏறக்குறைய 4.5-ல் கரு கருப்பையில் பதியும். 6.5-ல் எல்லா உறுப்புகளுக்கும் அடிப்படையான மூன்று செல் அடுக்குகள் உருவாகத் தொடங்கும். எட்டாம் நாளை ஒட்டி இதயம் துடிக்கத் தொடங்கும். 19, 20 நாளில் பிரசவம். இந்த வரிசையை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள், மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கப் போகிறது.

இப்போது எண்ணிக்கை. பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஒரு மரபணுவுக்குத் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகள் இருக்கும். முடக்கப்பட்ட பிரதி ஒன்றை மட்டும் சுமக்கும் ஆணையும் பெண்ணையும் சேர்த்தால் குட்டிகள் 1:2:1 என்று வர வேண்டும். அதாவது நான்கில் ஒன்றுக்கு இரண்டு பிரதியும் முடங்கியிருக்கும். பிறந்த குட்டிகளில் அந்த வகை ஒன்றுகூட இல்லையென்றால் அவை கருவிலேயே இறந்திருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். ஆனால் எத்தனை குட்டிகளைப் பார்த்தார்கள் என்பதைக் கேட்காமல் நகராதீர்கள். ஒரே ஈற்றில் 8 குட்டி பார்த்து, அந்த வகை இல்லை என்றால் அதற்கு அர்த்தமே இல்லை. வெறும் தற்செயலாகவே பத்தில் ஒரு தடவை அப்படி நடக்கும். கால்குலேட்டரில் 0.75-ஐ எட்டுத் தடவை பெருக்கிப் பாருங்கள், 0.1 வரும். அதையே 28 தடவை பெருக்கினால் பத்தாயிரத்தில் மூன்று. ஐ.எம்.பி.சி. குறைந்தது 28 குட்டிகளைப் பார்த்த பிறகே ஒரு மரபணுவை, முடக்கினால் உயிர் போகும் 'உயிர்ப்பறிப்பு' வகையில் சேர்ப்பது இதனால்தான். அவர்கள் 2016-ல் வெளியிட்ட கட்டுரையில் முதலில் பார்த்த 1,751 மரபணுக்களில் 410 இந்த வகையில் வந்தன.

கரு பிறக்கவில்லை என்று தெரிந்தால் போதாது, எப்போது நின்றது என்று தேட வேண்டும். 9.5, 12.5, 15.5, 18.5 ஆகிய நாட்களில் கருவை எடுத்துப் பார்த்த பதிவுகள் அங்கே இருக்கும். 9.5-ல் உயிரோடு இருந்து 12.5-ல் இல்லையென்றால் பிரச்சினை அந்த இடைவெளியில் இருக்கிறது.

அந்த இடைவெளியில் இறந்த கருவின் இதயம் சிறுத்திருப்பதைப் பார்த்ததும் 'இது இதய மரபணு' என்று எழுதிவிடாதீர்கள். கடைமடையில் பயிர் வாடினால் நாஞ்சில் நாட்டு விவசாயி விதையைக் குறை சொல்லமாட்டார், பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் எந்த மடையில் நின்றது என்றுதான் போய்ப் பார்ப்பார். கருவுக்கு அந்த மடை நஞ்சுக்கொடி. பத்தாம் நாளை ஒட்டித்தான் அது முழு வேலைக்கு வருகிறது. 2018-ல் மரபணு முடக்கிய 103 சுண்டெலி வகைகளை ஆராய்ந்தபோது, கர்ப்பத்தின் நடுப்பகுதியிலோ அதற்குப் பிறகோ இறந்தவற்றில் 68 சதவீதத்தில் நஞ்சுக்கொடியிலும் கோளாறு இருந்தது. இதயம், மூளைக் கோளாறுகள் பலவும் அதோடு சேர்ந்தே வந்தன. வெகுகாலம் ஆய்வாளர்கள் கருவை மட்டும் பார்த்துவிட்டு நஞ்சுக்கொடியைத் தூக்கிப் போட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு அடிக்கிறது. நீங்கள் படிக்கும் கட்டுரையில் நஞ்சுக்கொடி பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், அதையும் குறிப்பில் எழுதுங்கள்.

அப்புறம், எந்த இன எலி என்று பாருங்கள். ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுவை முடக்கியபோது, ஓர் இனத்தில் கரு பதியும் சமயத்திலேயே இறந்தது. இன்னொன்றில் நடுக் கர்ப்பம் வரை வந்தது. மூன்றாவதில் குட்டி பிறந்து சுமார் மூன்று வாரம் இருந்தது. முடக்கியது ஒரே மரபணுதான். இனத்தின் பெயரை எழுதாத புராஜெக்ட்டை நான் திருப்பித்தான் கொடுப்பேன்.

மனிதனுக்குத் தாவும்போது இன்னும் கவனம் வேண்டும். சோனிக் ஹெட்ஜ்ஹாகின் ஒரு பிரதி போனாலும் சுண்டெலி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மனிதரில் ஒரு பிரதி போனாலே குழந்தையின் முன்மூளை சரியாகப் பிரியாமல் போகலாம்.

கடைசியாக, பதிவேட்டில் மரபணுவின் எம்.ஜி.ஐ. எண்ணையும் நீங்கள் பார்த்த தேதியையும் சேர்த்து எழுதுங்கள். தளத்தில் புதுத் தகவல் ஏறிக்கொண்டே இருக்கும். வைவாவில் கேட்கிறவர் வேறு கணக்கைக் காட்டினால் பதில் சொல்ல அந்தத் தேதி வேண்டும்.