இடம் மாறினால் எடை எவ்வளவு? கணக்கிடும் முறை

முதலில் சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஒரு பொருளில் எவ்வளவு பருப்பொருள் இருக்கிறது என்பதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் நிறை என்கின்றன. அதை ஈர்ப்பு இழுக்கும் விசையை எடை என்கின்றன. இலங்கைப் பாடநூல்களில் முதலாவது திணிவு, இரண்டாவதுதான் நிறை. இணையத்தில் கிடைத்த விடையைப் பார்த்துப் படிப்பவர்கள், அது எந்தக் கரையில் எழுதப்பட்டது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே நிறை கிலோகிராமில், எடை நியூட்டனில்.

கணக்கு ஒரே பெருக்கல்தான்:

எடை = நிறை × ஈர்ப்புப் புலச்செறிவு

ஓர் இடத்தில் ஒவ்வொரு கிலோகிராமையும் எத்தனை நியூட்டன் விசை இழுக்கிறதோ அதுவே அந்த இடத்தின் புலச்செறிவு. பூமியில் 9.8, நிலவில் 1.62, செவ்வாயில் 3.71, வெள்ளியில் 8.87, வியாழனில் 24.8. வியாழனில் காலூன்றத் தரை கிடையாது. அந்த மதிப்பு மேகங்களின் மேல்மட்டத்துக்கு உரியது.

2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 நிலவில் இறக்கிய பிரக்யான் ரோவரின் நிறை 26 கிலோ. பூமியில் அதன் எடை 26 × 9.8 = 254.8 நியூட்டன். நிலவில் 26 × 1.62 = 42.1 நியூட்டன். நிறை இரண்டு இடத்திலும் 26 கிலோதான். அதில் கை வைக்கவே கூடாது. “நிலவில் நிறை 4.3 கிலோ” என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். அந்த 4.3 எங்கிருந்து வந்தது என்றால், பூமிக்கென்று கிலோவில் கோடு போட்ட சுருள்வில் தராசை நிலவுக்கு எடுத்துச் சென்றால் அது காட்டும் எண் (42.1 ÷ 9.8). இரு தட்டுத் தராசு அங்கேயும் 26 கிலோ என்றே சொல்லும், ஏனென்றால் எடைக்கல்லின் எடையும் அதே விகிதத்தில் குறைந்திருக்கும்.

கேள்வி தலைகீழாகவும் வரும். செவ்வாயில் ஒரு பெட்டியின் எடை 222.6 நியூட்டன் என்றால் பூமியில் எவ்வளவு? நேரே 9.8-ஆல் பெருக்கிவிடாதீர்கள். முதலில் நிறை: 222.6 ÷ 3.71 = 60 கிலோ. பிறகு 60 × 9.8 = 588 நியூட்டன். நிறை கிராமில் தரப்பட்டிருந்தால் 1000-ஆல் வகுத்துவிட்டே தொடங்குங்கள். 250 கிராம் பொட்டலத்தின் எடை 2.45 நியூட்டன், 2450 அல்ல.

புலச்செறிவு தரப்படாவிட்டால் நாமே காணலாம்: ஈர்ப்பு மாறிலி × கோளின் நிறை ÷ ஆரத்தின் வர்க்கம். நிலவுக்கு நிறை 7.35 × 10²² கிலோ, ஆரம் 1737 கிலோமீட்டர், அதாவது 1.737 × 10⁶ மீட்டர். மாறிலி 6.674 × 10⁻¹¹. விடை 1.63-ஐ ஒட்டி வரும். 16 இலட்சத்தை ஒட்டி விடை வந்தால் ஆரத்தைக் கிலோமீட்டரிலேயே விட்டிருப்பீர்கள், 0.4 வந்தால் விட்டத்தைப் போட்டிருப்பீர்கள்.

அந்த வர்க்கம்தான் பலரை ஏமாற்றுகிறது. சனியின் நிறை பூமியைப் போல 95 மடங்கு. ஆனால் அதன் நடுக்கோட்டு ஆரம் சுமார் 9.45 மடங்கு, வர்க்கம் 89.3. ஆகவே புலச்செறிவு 10.4 அளவில்தான். உயரத்துக்கும் இதே விதி: தரையிலிருந்து 400 கிலோமீட்டர் மேலே 9.8 × (6371 ÷ 6771)² = 8.7. ஏறத்தாழ அந்த உயரத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லை என்பது தவறு. நிலையமும் ஆட்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் தரை அவர்களைத் தாங்குவதில்லை, அவ்வளவுதான்.

பூமியிலேயே மதிப்பு ஒன்றல்ல. நிலநடுக்கோட்டில் 9.780, துருவத்தில் 9.832. பள்ளிக் கணக்குக்கு 9.8 போதும், நகைக்கடைக்குப் போதாது. மின்னணுத் தராசு கிராமைக் காட்டினாலும் உள்ளே அளப்பது விசையைத்தான். சென்னையில் (சுமார் 9.783) சரிசெய்த தராசை இலண்டனுக்கு (9.812) கொண்டுபோனால் 100 கிராம் தங்கம் 100.3 கிராம் என்று காட்டும். தராசை வைத்த இடத்திலேயே, முத்திரையிட்ட எடைக்கல்லை ஏற்றி அளவைச் சரிசெய்த பிறகே தங்கத்தைத் தட்டில் வைக்க வேண்டும்.