கேஸ் ஹீட்டரை மெயின் சுவிட்சில் நிறுத்தாதீர்கள்
பிரிட்டனில் கிடங்கு, பட்டறைகளின் கூரையில் தொங்கும் கேஸ் ஹீட்டரைத் தெர்மோஸ்டாட்டில்தான் நிறுத்த வேண்டும். பர்னர் அணைந்த பிறகும் ஃபேன் சில நிமிடம் ஓடி, ஹீட் எக்ஸ்சேஞ்சரில் (பர்னரின் சூட்டைக் காற்றுக்கு மாற்றும் தகட்டுப் பகுதி) தேங்கிய சூட்டை வெளியேற்றும். மெயினை அணைத்தால் ஃபேனும் நின்றுவிடும். சூடு உள்ளேயே தங்கி, அளவுக்கு மீறினால் பர்னரைத் தடுக்கும் லிமிட் சுவிட்ச் விழும், நாளடைவில் எக்ஸ்சேஞ்சர் தகடே விரிசல் விடலாம்.

மெயினைத் தொடாமலே லிமிட் அடிக்கடி விழுகிறதா? ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பது வைத்தியமல்ல. அடைத்த ஃபில்டர், ஃபேன் இறக்கையில் தூசி, தளர்ந்த பெல்ட் என்று காற்றோட்டம் குறையும் இடங்களை முதலில் பாருங்கள்.

பர்னர் பற்றிக்கொண்ட சில நொடியில் அணைந்தால் பெரும்பாலும் தீ எரிகிறதா என்று உணரும் ஃப்ளேம் சென்சார் கம்பியில் படிவுதான். மெல்லிய ஸ்டீல் வூலால் தேய்த்து, எர்த் இணைப்பையும் சோதிக்க வேண்டும். ஆனால் பர்னரைத் திறக்கும் வேலை கேஸ் சேஃப் (பிரிட்டனின் கேஸ் பணியாளர் பதிவேடு) பதிவு பெற்றவருடையது.