ஃபாக்ஸ்ஃபேஸ் வாங்கினால் அதற்குச் சாப்பாடும் போடுங்கள்

கடல்நீர்த் தொட்டியில் பாசி ஏறிவிட்டது என்று சொன்னால் கடையில் காட்டும் மீன்களில் ஃபாக்ஸ்ஃபேஸ் கட்டாயம் இருக்கும். மஞ்சள் உடம்பு, வெள்ளை முகத்தில் கறுப்புப் பட்டை. நாம் ஓரா என்று குழம்பு வைக்கிறோமே, சீனப் புத்தாண்டுக்கு ஈரச்சந்தையில் தேடி வாங்குகிறார்களே, அந்தக் குடும்பம்தான். பாசியை நன்றாகவே மேயும், ஆனால் வீட்டுத் தொட்டியில் இருக்கும் பாசி அதற்கு எத்தனை நாளைக்குக் காணும்? தீர்ந்த பிறகு யாரும் கவனிக்காமல் வயிறு ஒட்டிப்போய்ச் சாகிற மீன்களை நினைத்தால் மனசு கேட்பதில்லை.

இது 20 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும், அதனால் நாலடித் தொட்டிக்குக் குறைந்து யோசிக்காதீர்கள். 4x2x2 அடி என்றால் தண்ணீர் மட்டுமே கிட்டத்தட்ட 450 கிலோ. சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டில் தரை தாங்குமா என்று வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள். தண்ணீர் 25 - 27 டிகிரியில் இருக்க வேண்டும், நம் வெயிலுக்குச் சில்லர் என்ற குளிர்விப்பான் இல்லாமல் அது கஷ்டம். மின்விசிறி வைத்தாலும் சூடு குறையும், ஆனால் தண்ணீர் வேகமாக ஆவியாகி உப்பு ஏறிவிடும், தினமும் நன்னீர் ஊற்றி, உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தியை 1.025-இல் நிறுத்த வேண்டும். குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லும் குளோரமைன் இருக்கிறது, அதையும் மற்ற கரைசல்களையும் நீக்கும் ஆர்ஓடிஐ வடிகட்டி போட்ட தண்ணீர்தான் நல்லது.

கடையில் மீனை வாங்கும் முன் உங்கள் கண்ணெதிரே அதற்குத் தீனி போடச் சொல்லுங்கள். சாப்பிடாத மீன், வயிறு குழிந்த மீன் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் பழுப்புத் திட்டுகளோடு மூலையில் ஒளியும், பயப்படாதீர்கள், அது பயந்தாலும் தூங்கினாலும் அந்த நிறம்தான். தனித் தொட்டியில் சில வாரம் வைத்து வெண்புள்ளி நோய் இல்லை என்று பார்த்த பிறகு பெரிய தொட்டியில் விடுங்கள்.

இனி சாப்பாடு. சுஷி சுற்றும் நோரி என்ற கடற்பாசித் தாள் எந்தப் பேரங்காடியிலும் கிடைக்கும். எண்ணெய், உப்பு, எள் எதுவும் சேராததாகப் பார்த்து வாங்கி, ஒரு துண்டைக் கிளிப்பில் மாட்டித் தினமும் உள்ளே வையுங்கள். முதல் நாள் தொடாவிட்டால் ஒரு கல்லில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி அது ஒளிந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் கொத்திவிடும். மிச்சத்தை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். அப்புறம் கடற்பாசி கலந்த குருணைத் தீனி, எப்போதாவது மைசிஸ் என்ற பொடி இறால் தீனி. நோரி போட்டால் பாசியைத் தின்னாது என்று சிலர் பட்டினி போடுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம்: நன்றாகச் சாப்பிடும் மீன்தான் நாள் முழுக்க கல்லைக் கொத்திக்கொண்டே திரியும், பசித்த மீன் மென்பவளத்தையும் சோவாந்தஸ் என்ற பவள வகை உயிரியையும் கடிக்க ஆரம்பிக்கும்.

நீளமாக வளர்ந்த முடிப்பாசியை நீங்களே கையால் பிடுங்கிவிட்டால் மிச்சக் கட்டையை அது மேய்ந்துவிடும், குமிழ்ப்பாசியையும் பல மீன்கள் தின்னும். சிவப்புச் சளி மாதிரிப் படரும் சயனோ என்ற பாக்டீரியாவை இது தின்றுவிடும் என்று நம்பி மட்டும் வாங்காதீர்கள், அதற்குத் தண்ணீரில் உள்ள நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் கவனிக்க வேண்டும்.

முதுகில் 13 முள், எல்லாவற்றிலும் விஷம். வலையில் பிடித்தால் முள் சிக்கும், டப்பாவில் ஓட்டிப் பிடியுங்கள். குத்திவிட்டால் தோல் வெந்துபோகாத அளவுக்குச் சூடான தண்ணீரில் அரை மணி நேரமாவது கையை வைத்திருங்கள், வலி குறையும். மூச்சு வாங்கினாலோ வீக்கம் ஏறினாலோ உடனே ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள்.