சீகிரியாவோடு நிறுத்தாதீர்கள்: ஊருக்குப் போகும்போது பழைய நகரங்களைப் பார்க்க ஒரு கிழமை

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோரின் பயணம் ஒரே மாதிரித்தான் இருக்கும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி இரவோடிரவாக வான் பிடித்து யாழ்ப்பாணம், பிறகு கலியாணவீடு, கோயில் திருவிழா, சித்தி வீட்டுச் சாப்பாடு, திரும்பி வருகிற வழியில் அரை நாள் சீகிரியா. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்குக் கடைசியில் நினைவில் நிற்பது அந்தச் சீகிரியாதான். அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் இலங்கைத் தீவின் பழைய நகரங்களில் தமிழரின் தடம் எங்கெங்கே கிடக்கிறது என்று காட்ட ஆசைப்பட்டால், அதற்கென்று ஒரு கிழமையைத் தனியாக ஒதுக்கி, ஏழெட்டுப் பேராகச் சேர்ந்து, விஷயம் தெரிந்த ஒரு வழிகாட்டியோடு போக வேண்டும். வழமையான சுற்றுலாக்காரர்கள் போகிற பாதையில் இந்த இடங்கள் பல வராது. வந்தாலும் வாகனம் நிற்காது.

முதலில் ஆட்கணக்கு. ஹையேஸ் வானில் பன்னிரண்டு பேர் ஏறலாம் என்பார்கள், ஏறலாம்தான், பெட்டிகளை எங்கே வைப்பது? எட்டுப் பேர் என்றால் பெட்டிகளுக்கும் இடம் இருக்கும், அம்மம்மா காலை நீட்டி இருக்கலாம், வழிகாட்டி சொல்வதும் எல்லோருக்கும் கேட்கும். அதைவிட முக்கியம், ஒரு கல்வெட்டுக்கு முன்னால் எட்டுப் பேர் நின்று பார்க்கலாம், இருபது பேர் நின்றால் பின்வரிசைக்காரர் போனைத்தான் பார்ப்பார்கள்.

வழிகாட்டி விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். வான் சாரதி பாதை தெரிந்தவர், நல்ல சாப்பாட்டுக் கடை தெரிந்தவர், ஆனால் அவரே வரலாறும் சொல்வார் என்று எதிர்பார்ப்பது அவருக்கும் அநியாயம். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை அனுமதி கொடுத்த வழிகாட்டிகள் இருக்கிறார்கள், கேட்டால் அட்டையைக் காட்டுவார்கள். தமிழில் விளக்கக்கூடியவர்கள் குறைவு, ஆகவே விமான ரிக்கெற் போட்ட கையோடு அவரையும் பிடித்துவிடுங்கள். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்க நான் கேட்கச் சொல்வது இரண்டே கேள்வி: பொலன்னறுவையில் இரண்டாம் சிவ தேவாலயத்தில் எவ்வளவு நேரம் நிற்பீர்கள், வேளைக்காரர் என்ற தென்னிந்தியப் படையினரின் தமிழ்க் கல்வெட்டு எங்கே நிற்கிறது? இரண்டுக்கும் தடுமாறாமல் பதில் வந்தால் காசைக் கொடுங்கள்.

அடுத்தது சொந்தக்காரர். இது பகிடியாகத் தெரியும், ஆனால் குழுப் பயணங்கள் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான். வவுனியாவைத் தாண்டும்போது ஒருவருக்கு மாமி வீடு, கிளிநொச்சியில் இன்னொருவருக்குப் பெரியப்பா வீடு, ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி குடித்து, சாப்பிடாமல் விடமாட்டோம் என்று அவர்கள் மறித்து, கடைசியில் போய்ச் சேரும்போது இருட்டிவிடும். சுற்றுலாக் கிழமையில் ஒருவர் வீட்டுக்கும் போவதில்லை என்று புறப்பட முதலே எல்லோரும் பேசி வையுங்கள். ஊருக்கும் அப்படியே சொல்லுங்கள், முகத்தைத் தூக்குவார்கள், அடுத்த கிழமை போய் நின்றால் சரியாகிவிடும்.

நுழைவுச்சீட்டு விலை கடவுச்சீட்டைப் பொறுத்தது. உங்கள் தமிழையோ முகத்தையோ பார்த்துக் குறைக்கமாட்டார்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் வெளிநாட்டார் விலைதான்: அநுராதபுரம், பொலன்னறுவை, சீகிரியா போன்ற பெரிய இடங்களில் தலைக்கு ஏறக்குறைய 25 முதல் 35 அமெரிக்க டொலர் வரை. இலங்கை அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ இன்னும் கையில் இருப்பவர்கள், இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்கள் உட்பட, அதைக் கட்டாயம் கொண்டுபோங்கள், உள்ளூர் விலை அதனோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு. வாசலில் நின்று "நான் இங்கே பிறந்தவன்" என்று வாதாடிப் பலன் இல்லை. வீசா விதிகள் அடிக்கடி மாறுகிறபடியால், போன வருடம் போன மச்சான் சொன்னதை நம்பாமல், அரசாங்கத்தின் இணையத்தளத்தில் நீங்களே பாருங்கள்.

எப்போது போவது? பாடசாலை விடுமுறை என்று ஜூலை, ஓகஸ்ட்டில்தான் பெரும்பாலானோரால் முடியும். அந்த நேரம் உலர்வலயம் நன்றாகவே காய்ந்திருக்கும், நல்லூர்த் திருவிழாவும் அதே காலத்தில் இருபத்தைந்து நாள் நடப்பதால் யாழ்ப்பாணத்தில் அறை கிடைப்பது கஷ்டம். விடுமுறைக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்குப் பெப்ரவரி, மார்ச் நல்லது. ஒக்ரோபரிலிருந்து டிசம்பர் வரை வடக்கிலும் கிழக்கிலும் மழை, தீவுக்குப் படகில் போகிற திட்டம் எல்லாம் கடலைக் கேட்டுத்தான். ஜூன் மாதத்துப் பொசன் பௌர்ணமியில் அநுராதபுரமும் மிகிந்தலையும் சனத்தால் நிறைந்துவிடும், அந்த நாட்களைத் தவிருங்கள்.

கொழும்பில் ஒரு காலையை தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம். 1877இல் திறந்த வெள்ளைக் கட்டடம். உள்ளே பொலன்னறுவைச் சிவ தேவாலயங்களில் கிடைத்த வெண்கலச் சிலைகள் இருக்கின்றன, அங்கே போக முதல் இவற்றைப் பார்த்துவிட்டால் பிறகு வெறும் கற்சுவர் வெறும் கற்சுவராகத் தெரியாது. காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டும் இங்கேதான். சீனக் கடற்தளபதி செங் ஹே கொண்டுவந்த, 1409 என்று ஆண்டு பொறித்த கல், சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற விஷ்ணுவுக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் காணிக்கை சொல்கிறது. சீனத்திலிருந்து புறப்படும்போதே இந்தக் கரையில் தமிழ் வேண்டும் என்று தெரிந்து வந்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிப் பாருங்கள்.

அநுராதபுரம் பெரிய இடம், எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் ஒன்றையும் பார்க்காமல் வருவீர்கள். விடிய ஆறரைக்கே இறங்குங்கள். தாதுகோபங்களின் (பௌத்தத் தூபிகளின்) முற்றத்தில் செருப்பையும் தொப்பியையும் கழற்ற வேண்டும், பத்து மணிக்குப் பிறகு அந்தக் கல்லில் வெறுங்காலோடு நடப்பது அடுப்பில் நடப்பதுதான், ஆகவே தடித்த காலுறை ஒரு சோடி பையில் இருக்கட்டும். ஜேதவனாராமயம் என்ற தாதுகோபம் கட்டிய காலத்தில் 122 மீற்றர் உயரம், பண்டைய உலகில் அதைவிட உயரமான கட்டடங்கள் மிகச் சில. அதைப் பார்த்துவிட்டு அபயகிரி விகாரைப் பக்கம் போகும்போது வழிகாட்டியிடம் தமிழ் இல்லறத்தாரின் மேடையைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பாறை, அதில் பழைய பிராமி எழுத்து, பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரித்தான் இருக்கும். ஆனால் கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளில் தமிழ் இல்லறத்தார் கூடியிருந்த மேடை என்று அந்த எழுத்தே சொல்கிறது, யார் எந்த இருக்கையில் இருப்பது என்று பெயர்கூடப் பொறித்திருக்கிறார்கள், அதில் ஒருவர் கப்பலோட்டி.

எல்லாளன் சமாதி எங்கே என்று எல்லோரும் கேட்பார்கள். தக்கிண தூபி என்று பலகை போட்ட செங்கல் மேட்டைத்தான் நீண்ட காலமாகச் சனம் எல்லாளன் சமாதி என்று வணங்கி வந்தது, பின்னர் தொல்லியலாளர் பரணவிதான அது எல்லாளனை வென்ற சிங்கள மன்னன் துட்டகைமுனுவோடு தொடர்புடையது என்று வாதிட்டார், பலகையும் அதன்படி மாறியது. இரண்டு கதையையும் சொல்கிற வழிகாட்டிதான் நல்ல வழிகாட்டி. அந்த இடத்தில் நின்று சத்தமாக அரசியல் கதைப்பது வேண்டாம், வானில் ஏறிய பிறகு வேண்டிய மட்டும் கதையுங்கள்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, சீகிரியாவா பொலன்னறுவையா என்று கேட்டால், நான் யோசிக்காமல் பொலன்னறுவை என்பேன். சீகிரியாவில் ஏறத்தாழ 1,200 படி, முழங்கால் நோ உள்ளவர்கள் கீழேயே நிற்க வேண்டியதுதான். பொலன்னறுவை சமதரை, வாகனம் ஒவ்வோர் இடத்துக்கும் கிட்டப் போகும். அநுராதபுரத்தை 993இல் வீழ்த்திய சோழர் ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்து ஆண்ட தலைநகர் இது, 1070இல் முதலாம் விஜயபாகு அவர்களைத் துரத்தும் வரை. வடக்குப் பக்கத்தில் மரங்களுக்கு நடுவே நிற்கிற இரண்டாம் சிவ தேவாலயம் சின்னதுதான், முழுவதும் கல், தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக் கோயிலைத் தூக்கி வந்து வைத்த மாதிரி நிற்கும். ஒரு சோழ அரசியின் பெயரால் வானவன்மாதேவி ஈஸ்வரம், சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள், உள்ளே இன்னும் லிங்கம். பெரிய பேருந்துக் குழுக்கள் இங்கே ஐந்து நிமிடம்கூட நிற்பதில்லை. நீங்கள் ஒரு மணி நேரம் நில்லுங்கள், சாய்ந்த வெயில் சுவரில் படுகிற பின்னேரமாக இருந்தால் எழுத்து இன்னும் தெளிவாகத் தெரியும். பிறகு புத்தரின் புனித தந்தம் (பல்) வைத்த கோயில் இருந்த சதுக்கத்துக்கு வாருங்கள், அட்டதாகே என்ற இடிபாட்டுக்குப் பக்கத்தில் வேளைக்காரர் கல்வெட்டு நிற்கிறது. தென்னிந்தியாவிலிருந்து வந்த படையினர், புத்தரின் தந்தம் வைத்த கோயிலைத் தாங்கள் காப்பதாகத் தமிழில் எழுதிக்கொடுத்த உறுதி. இந்த இரண்டு இடத்தையும் ஒரே நாளில் பார்த்தவருக்குப் சிங்களவர், தமிழர் என்று பாடப்புத்தகம் போட்ட கோடுகள் கொஞ்சம் அழியும்.

அங்கிருந்து திருகோணமலை இரண்டு மணித்தியால ஓட்டம். கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வாசலால்தான் போக வேண்டும், எல்லோரும் மான்களைப் பார்த்துக்கொண்டே உள்ளே நடந்துவிடுவார்கள். வாசல் தூணில் இரட்டைக் கயல்மீனும், கோயிலைத் திருப்பணி செய்ததாகச் சொல்கிற மன்னனின் பெயரோடு "முன்னே குளக்கோட்டன்" என்று தொடங்குகிற தமிழ் வரிகளும் இருக்கின்றன, நின்று பாருங்கள். பறங்கியர் (போர்த்துக்கேயர்) இடித்த கோயிலின் கற்கள் கோட்டைக்கும் போயின, கடலுக்குள்ளும் போயின. 1956இல் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மூழ்கிப் பார்த்தபோது தூண்கள் நீருக்கடியில் கிடந்தன.

யாழ்ப்பாணத்தில் கோட்டையை எல்லோருக்கும் தெரியும்: 1618இல் போர்த்துக்கேயர் தொடங்கியது, ஒல்லாந்தர் 1658இல் பிடித்து ஐந்து மூலையாக்கியது. நேரத்தை அங்கே செலவழிப்பதைவிடச் சுன்னாகத்துக்குக் கிட்ட இருக்கிற கந்தரோடையில் செலவழியுங்கள். பனைகளுக்கு நடுவே குட்டிக் குட்டிப் பௌத்தத் தூபிகள், 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழு தோண்டிய இடம். பலகையில் இருப்பது ஒரு விளக்கம் மட்டும், தமிழர்கள் பௌத்தர்களாகவும் இருந்த ஒரு காலம் உண்டு என்பதை வழிகாட்டி சொல்லட்டும்.

நெடுந்தீவுக்கு ஒரு முழு நாள். குறிகட்டுவானில் படகு ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். திரும்புகிற கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று முதல் நாளே விசாரியுங்கள், அதைத் தவறவிட்டால் எட்டுப் பேருக்கு இரவுப் படுக்கை தேடுவது லேசில்லை. உங்கள் வான் கரையிலேயே நிற்கும், தீவுக்குள் ஓட்டோவோ பட்டா என்ற சின்ன லொறியோ பிடித்துச் சுற்றலாம். பவளக்கல்லால் கட்டிய ஒல்லாந்தர் கோட்டை, பெருக்குமரம் (பாவோபாப்), காட்டுக் குதிரைகள் எல்லாம் தள்ளித் தள்ளி இருக்கின்றன. தண்ணீரும் மதியச் சாப்பாடும் யாழ்ப்பாணத்திலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள், கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் படகேற முதல் குளிசை போடுங்கள்.

திரும்பும்போது ஏ9 நெடுஞ்சாலை வேண்டாம், சங்குப்பிட்டிப் பாலத்தால் ஏ32இல் பூநகரி வழியாக மன்னாருக்கு இறங்குங்கள். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் சிவன் கோயில் நிற்கிற இடம்தான் பழைய மாந்தைத் துறைமுகம். மத்தியானம் நடை சாத்திவிடும், விடியவோ பின்னேரமோ போய்ச் சேருகிற மாதிரிப் பாருங்கள். தெற்கே அரிப்பில், முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்க்கக் கட்டிய டொரிக் மாளிகையின் மிச்சம் இருக்கிறது. கரை அரித்து ஒவ்வொரு துண்டாகக் கடலில் விழுகிறது, விளிம்புக்குப் போய் செல்பி எடுக்க வேண்டாம்.

எங்கேயும் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்காதீர்கள், அது அங்கே பெரிய பிரச்சினையாகும். ட்ரோன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. ஓட்டுத் துண்டோ பழைய காசோ கண்ணில் பட்டால் அது கிடக்கிற இடத்திலேயே கிடக்கட்டும், தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது குற்றம், விமான நிலையத்தில் விளக்கம் சொல்லித் தப்ப முடியாது.

காசுக் கணக்கைப் புறப்பட முதலே எழுத்தில் வாங்குங்கள்: எரிபொருள், நெடுஞ்சாலைக் கட்டணம், நுழைவுச்சீட்டு, படகு, சாரதியின் அறையும் சாப்பாடும் எல்லாம் சேர்த்ததா, இல்லையா? சாரதிக்கு அறை கொடுக்காத விடுதிகளும் உண்டு, அப்படியென்றால் அவர் வானுக்குள்ளேயே படுத்துவிட்டு மறுநாள் உங்களை ஓட்டிக்கொண்டு போவார். விடுதி பதிவுசெய்யும்போதே அதைக் கேட்டுவிடுங்கள்.